தகப்பன் பேரப்பிள்ளைகளைக் கட்டுப்படுத்தலாமா?

நிலமுடைய ஒருவன், "இந்தக் குட்டையை எக்காலத்திலும் எவரும் தூர்க்கலாகாது" என்று பத்திரம் எழுதி, தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்துவது நீதியாகுமா? அமெரிக்காவில் பல குடும்பங்களில் எழும் இக்கேள்வியை நாமும் ஆராய்வது பிரயோசனமானதே.

நம் கிரயப் பத்திரங்களில் நடைபாதைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் என்று எழுதுவதை அறிவோம். நிலம் ஒருவனுடையது, அதன் வழியே நடக்கும் உரிமை வேறொருவனுடையது. அந்நாட்டில் காட்டுயிர்களின் பொருட்டும் இத்தகைய பாத்தியம் உண்டு. உடையவன் நிலத்தை விற்பதில்லை. கட்டடம் எழுப்புதல், நீர்நிலையைத் தூர்த்தல் போன்ற சில உரிமைகளை மாத்திரம் சர்க்காருக்கோ, நிலப் பாதுகாப்புச் சங்கத்துக்கோ நிரந்தரமாய் விட்டுக்கொடுக்கிறான். பின்பு அந்நிலத்தை அவன் விற்கலாம், மக்களுக்கு வைத்துப்போகலாம். ஆனால் புதிய உடைமைக்காரனையும் அந்த நிபந்தனை தொடரும்.

வட டகோட்டா, தென் டகோட்டா மாகாணங்களின் வயல்களுக்கிடையே, பனியுகம் விட்டுச்சென்ற எண்ணிறந்த சிறு குட்டைகள் கிடக்கின்றன. வட அமெரிக்கக் காட்டு வாத்துகளில் பெரும் பங்கு அங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன. வாத்து வேட்டைக்காரர் வாங்கவேண்டிய முத்திரைத் தலை 1934-ல் ஏற்பட்டது. அப்பணத்தைக் கொண்டு குட்டைகளின்மேல் பாத்தியம் வாங்கலாமென்று 1958-ல் சட்டம் திருத்தப்பட்டது. பணம் பெற்ற விவசாயி குட்டையை வடிக்கவோ, தூர்க்கவோ, அதன் புல்லை எரிக்கவோ கூடாது. அது தானாய் வற்றும் காலத்தில் உழுது பயிரிடத் தடையில்லை.

"செத்தவன் எழுதியது உயிரோடிருப்பவனை என்றென்றைக்கும் கட்டுவதா?" என்ற ஆட்சேபம் எழாமலில்லை. 1977-ல் வட டகோட்டா சட்டசபை, இத்தகைய பாத்தியம் 99 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்றது. மாகாணம் ஏற்கெனவே சம்மதித்த அளவுக்கு அவ்விதி செல்லாதென்று உச்ச நீதிமன்றம் 1983-ல் தீர்த்தது. நீதிமன்றம் சட்டத்தைத் தீர்த்தது; மனச்சாட்சியின் கேள்வியோ நிற்கிறது.

திருச்சபையின் போதனை என்ன? தனிச்சொத்து நியாயமானதென்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் உறுதியாய்ப் போதித்தார். ஆனால் சொத்தை நிர்வகிக்கும் உரிமை தனக்கிருந்தாலும், அதன் பயனைத் தனக்கே உரியதென்று மனிதன் எண்ணலாகாது என்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் படிப்பினை. நிலம் தம்முடையதென்றும், நாம் அதில் அந்நியரும் குடிவாசிகளுமே என்றும் ஆண்டவர் இஸ்ராயேலருக்கு அறிவித்தார். குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாதென்று உபாகமம் விதிக்கிறது. பூமி நமக்குப்பின் வருவோருக்கும் உரியதென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில் நினைப்பூட்டினார்.

ஆகையால் ஆட்சேபிப்பவரை ஒன்று கேட்போம். குட்டையைத் தூர்த்து வீடு கட்டுகிறவன் பேரப்பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதில்லையா? அவன் பத்திரம் எழுதுவதில்லை. ஆனால் போன நீரும் பறவையும் அவர்கள் விரும்பினாலும் திரும்புவது அரிது. காப்பவனும் கட்டுகிறான், அழிப்பவனும் கட்டுகிறான். முன்னவன் உள்ளதை விட்டுவைத்துக் கட்டுகிறான். பின்னவன் இல்லாமற்செய்து கட்டுகிறான். இவ்விரண்டும் சமமல்ல.

எனினும் நற்கிரியைக்கும் நீதி வேண்டும். கடன்காரனுக்குச் சேரவேண்டியதைத் தட்டிவிட்டோ, பிள்ளைகளின் சீவனத்துக்கு வழியின்றியோ செய்யும் தானம் புண்ணியமாகாது. அமெரிக்காவில் இப்பாத்தியத்தைத் தானமாய்க் கொடுப்போருக்கு வரிச்சலுகை உண்டு. அதன் மதிப்பை அளவுமீறி உயர்த்திக்காட்டி இலாபம் தேடியவர்களும் இருந்தார்கள். 2022-ல் சட்டத்தால் அவர்களுக்குக் கடிவாளம் போடவேண்டியதாயிற்று. வாத்தின் பெயரைச் சொல்லிப் பொதுப்பணத்தைத் திருடுவதும் திருட்டே.

கிறிஸ்தவப் பெற்றோரே, பாகப்பிரிவினை எழுதுமுன் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுங்கள். இத்தனை சென்ட் இன்னாருக்கு என்று மாத்திரம் சொல்லாமல், கிணற்றடி மரத்தையும் வயலோரக் குட்டையையும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். காரணம் அறிந்த பிள்ளை கட்டளையைச் சுமையாக எண்ணமாட்டான். சர்வேசுரன் நம்மிடம் கணக்குக் கேட்கும் நாளில், எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு, எதை அழியாமல் ஒப்படைத்தோம் என்பதற்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும்.