தெருப் பூனைக்கு உணவளிப்பது கடமையா?

வாசலில் வந்து நிற்கும் பூனைக்குச் சோறிடுவது நம்மீது கடமையா எனச் சிலர் வினவுகின்றனர்.

பூனையொன்றைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண் நரக வேதனைக்கு ஆளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உள்ளது. அவள் உணவும் அளிக்கவில்லை. தானாக இரை தேடிக்கொள்ள விடவுமில்லை. இவ்விரு வழிகளையும் அடைத்ததே அவளது குற்றம்.

எனவே, சுற்றித் திரிந்து இரை தேடும் பூனைக்கு உணவிடுவது ஒவ்வொருவர் மீதும் வாஜிபு அன்று. இட்டால் ஸதகாவின் நன்மை உண்டு. அடைத்து வளர்ப்பவருக்கோ அது வாஜிபாகும். பிராணியை வளர்ப்பவர் தீனி போட மறுத்தால் காஜி அவரை நிர்ப்பந்திக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். காஜி நிர்ப்பந்திக்காவிடினும் அல்லாஹ்விடம் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபில் பிரபலமான கருத்து.

அப்படியாயின், வீட்டில் ஈன்ற குட்டிகளைக் கண் திறக்குமுன் சாக்கிலிட்டுச் சந்தையோரம் விட்டு வருகிறவர், “நான் கட்டிவைக்கவில்லையே” என்று கூறித் தப்ப இயலுமா? இரை தேடும் வலுவற்றதைத் தாயிடமிருந்து பிரித்து விடுவதும் இரு வழிகளையும் அடைப்பதேயாகும். அவை தாமாக உண்ணும்வரை தாயோடு விட்டுவையுங்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.