எண்ணத் தெரிந்தால் போதும்

நுட்பம் கூடக்கூட மருத்துவ வரையறை சிறப்பாகிவிடுவதில்லை. நோயாளி முன் நிற்பவருக்கு அது பயன்பட வேண்டும். தொழுநோயை 1966இல் ரிட்லியும் ஜாப்லிங்கும் 5 வகையாகப் பிரித்தார்கள். ஆராய்ச்சிக்கு அருமையான பகுப்பு. ஆனால் தோல் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதிப்படும். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் இருக்கிறது. அங்கே அது முடியும். கடப்பாக்கம் போன்ற கடலோர ஊரில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் என்ன செய்வார்? உலக சுகாதார நிறுவனம் அவருக்கு எண்ணிக்கையையே அளவுகோலாகத் தந்தது: தேமல் 5 வரை இருந்தால் 6 மாதக் கூட்டு மருந்து சிகிச்சை, அதற்கு மேல் போனால் 12 மாதம்.

இது முரட்டுக் கணக்கு, சிலர் தவறான பக்கம் விழுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காகவே, பரிசோதனையில் கிருமி தென்பட்டால் தேமல் எத்தனை இருந்தாலும் 12 மாதம் என்ற விதியும் உண்டு. எஞ்சும் பிழை, தாமதத்தைவிடச் சிறியது என்பதே என் கருத்து. ஆய்வக முடிவுக்காக மருந்து தள்ளிப்போகும் காலத்தில் செத்துப்போகும் நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை.