ஒட்டிய சீட்டும் ஒளித்த குறையும்



பழைய பொருளை விற்பதும் வாங்குவதும் மார்க்கத்தில் ஆகுமான காரியமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக் கொண்டார்கள். கிழிந்த ஆடைக்கு ஒட்டுப் போட்டு உடுத்தினார்கள். பழுதானதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவது வீண்விரயத்தைத் தடுக்கும் நற்செயல். எனவே, ‘ரீஃபர்பிஷ்டு’ என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் செல்ஃபோனையும் லாப்டாப்பையும் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பதே பதில்.

ஆனால் ஒரு ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்த வாலிபர் கேட்ட கேள்வி வேறு. அவர் அத்தகைய பொருள்களை விற்கும் சிறு கடை வைத்திருப்பவர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். “ஹஜ்ரத், நான் புதியது என்று பொய் சொல்லி விற்பதில்லை. சீட்டு ஒட்டியிருக்கிறேன், விலையையும் குறைத்திருக்கிறேன். வாங்குபவருக்கும் பழையது என்று தெரியும். இதற்கு மேலும் ஒவ்வொரு குறையையும் எடுத்துச் சொல்ல வேண்டுமா?” என்றார்.

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆகவே, அந்தச் சீட்டு உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

செப்பனிடப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். யார் செப்பனிட்டார்? எதை மாற்றினார்? எதை மாற்றாமல் விட்டார்? இவற்றைச் சீட்டு சொல்வதில்லை. ஆப்பிள் கம்பெனி சில நாடுகளில் தானே செப்பனிட்டு விற்கும் ஐஃபோனில் புதிய பேட்டரியும் புதிய மேற்கூடும் போட்டு, 1 வருட வாரண்டியும் தருகிறது. வாங்கியவர் பிடிக்கவில்லையென்று இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கும் இதே பெயர்தான். பெரிய ஆபீசுகளில் மூன்று நான்கு வருடம் உழைத்து ஓய்ந்து, மொத்தமாகக் கழித்துவிடப்பட்ட லாப்டாப்புக்கும் இதே பெயர். உள்ளே எதையும் தொடாமல், மேலே துடைத்துப் புதுக் கவர் போட்ட ஃபோனுக்கும் இதே பெயர். ‘ஏ கிரேடு’, ‘பி கிரேடு’ என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் மேனியில் கீறல் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. உள்ளிருக்கும் பேட்டரியின் ஆயுளை அன்று.

எல்லாக் குறைகளையும் ஒன்றாகப் போர்த்தும் ஒரு சொல், எந்தக் குறையையும் காட்டுவதில்லை. போர்வைக்கும் விளக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மதீனாவின் கடைத்தெருவில் நடந்த சம்பவத்தை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடிந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வியாபாரி பொய் பேசவில்லை. தானியத்தை அவர் நனைக்கவுமில்லை, வானம் நனைத்தது. குறை உண்டானது அவர் குற்றமன்று. அதை அடியில் வைத்ததே குற்றமாயிற்று!

இனி, வாலிபருக்கு நான் உடனே பதில் சொல்ல முடியாமற்போன காரணத்தைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் பிறருக்கு நஸீஹத் செய்பவன் தன்னை மறைத்துக்கொள்வது முறையன்று.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வேறொன்று வாங்கினேன். பழைய ஃபோனில் ஒரு குறை இருந்தது. சார்ஜ் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடும். கடைக்குப் புறப்படும்வரை அதைச் சார்ஜிலேயே போட்டிருந்தேன். கடைக்காரர் கையில் கொடுத்தபோது 100 காட்டியது. அவர் கேமராவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், 4,000 ரூபாய் கழித்துக் கொடுத்தார். குறை உண்டா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ‘அவர் தொழில் தெரிந்தவர், பார்த்துத்தானே எடுத்தார்’ என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டு வீடு திரும்பினேன்.

பிறகு ஒருநாள் மதரஸாவில் வியாபாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பால் கட்டிய ஆட்டைப் பற்றிய ஹதீஸ் வந்தது. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதைக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பினால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த உரிமைக்கு மூன்று நாள் தவணையும் ஓர் அறிவிப்பில் வந்திருக்கிறது.

பாடத்தின் நடுவே ஒரு மாணவர் கேட்டார்: “உஸ்தாத், மடியில் பால் உண்மையிலேயே இருந்ததே! அது எப்படிப் பொய்யாகும்?”

என் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஃபோனில் 100 சதவீதம் சார்ஜ் இருந்ததும் உண்மைதானே! உண்மையை வைத்தே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதைக் கிதாபில் படித்துக்கொடுக்கும் நான், என் கையாலேயே செய்து முடித்திருந்தேன்.

அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். “அது அப்போதே போய்விட்டது பாய். துடைத்து, கவர் போட்டு, ரீஃபர்பிஷ்டு என்று விற்றாயிற்று. யார் வாங்கினார் என்று நினைவில்லை. எனக்கு நஷ்டமுமில்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள்” என்றார்.

அவருக்கு நஷ்டமில்லை. எனக்கும் நஷ்டமில்லை. அப்படியானால் நஷ்டம் யாருக்கு? புதியது வாங்க வசதியில்லாமல், சீட்டை நம்பிக் காசு கொடுத்த யாரோ ஒருவருக்கு. அவர் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். விதவைத் தாயாக இருக்கலாம். நான் பேசாதிருந்ததைச் சுமந்துகொண்டு அந்தச் சீட்டு அவர் வீடுவரை போய்விட்டது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியைக் காட்டி, விற்கும்போது அதைச் சொல்லிவிடும்படி தம் கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று சரித்திரத்தில் படிக்கிறோம். அந்த முன்மாதிரியைப் பற்றிக்கொண்டு, நானும் 4,000 ரூபாயை அந்த முகம் தெரியாத மனிதருடைய நன்மைக்கென்று நிய்யத் செய்து தர்மம் செய்தேன். அவர் திரும்பி வந்தால் கொடுக்கும்படி என் நம்பரையும் கடையில் எழுதிவைத்தேன். ஆயினும் இதனால் அவருடைய ஃபோன் சரியாகிவிடவில்லை என்பதை நான் அறிவேன்.

இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம்.

விலையைக் குறைப்பது குறையைச் சொல்வதற்கு ஈடாகாது. பொருளில் உள்ள குறை பின்னர் தெரியவந்தால் அதைத் திருப்பும் உரிமையை ஷரீஅத் வாங்குபவருக்கு அளித்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்த உடனேயே தாமதிக்காமல் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில், குறையைப் பொருந்திக்கொண்டதாகத் தெரியாதவரை தாமதத்தால் மட்டும் அவ்வுரிமை போய்விடாது. ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல’ என்று முன்கூட்டியே நிபந்தனை பேசி விற்பதிலும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் அந்நிபந்தனை செல்லும் என்பர், ஷாஃபிஈகளிடம் இத்தகைய பொருள்களில் அது செல்லாது. ஆனால் தெரிந்த குறையைத் தெரிந்தே மறைப்பது பாவம் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை.

வாஸிலா (ரலி) அவர்களின் சம்பவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிப் போகிறார். வாஸிலா (ரலி) அவர் பின்னால் ஓடிப்போய், இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்றதும், அதன் காலில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். விற்றவருக்கு 100 திர்ஹம் குறைந்தது, அவருக்குக் கோபம். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியிடம் பைஅத் செய்திருக்கிறோமே என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் பதில். விற்றவர் அவரல்லர்! அருகில் நின்று பார்த்தவருக்கே இக்கடமை என்றால், விற்பவருக்கு எத்தகையது? எதற்காக வாங்குகிறீர்கள் என்ற அந்தக் கேள்வியும் நமக்குப் பாடம். பாட்டு கேட்க வாங்கும் ஃபோனில் பொருட்படுத்தத் தேவையில்லாத குறை, அதை வைத்து நாள் முழுதும் பிழைப்பு நடத்தும் டிரைவருக்குப் பெருங்குறையாகிவிடும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. யார் செப்பனிட்டது, எதை மாற்றியது, வாரண்டி தருபவர் யார், எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லாப்டாப்பிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க வழியுண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போதுள்ளதும் அதில் தெரியும். ஃபோனில் நட்சத்திரம், ஹேஷ், 06, மீண்டும் ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு அந்த எண்ணை 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது முடக்கப்பட்ட ஃபோனா என்று அறியலாம். திருட்டுப் பொருளை எத்தனை முறை விற்றாலும் அது உரியவருக்கே சொந்தம் என்பதை மறக்க வேண்டாம். அன்றியும், இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைப்பதும், உபயோகித்து முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதும் வாங்குபவர் செய்யும் மோசடி.

2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு செய்தி வெளியாயிற்று. பல ஆயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் ஹார்டு டிஸ்குகளை இடையில் யாரோ புதியவை என்று விற்றுவிட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க் வைத்திருக்கும் கணக்கையும் அழித்துப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் அதனுள் இன்னொரு கணக்கும் இருந்தது. அதை அவர்கள் அழிக்கவில்லை. அதைத் திறந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது.

மனிதன் செய்த டிஸ்கிலேயே அழியாத ஒரு கணக்கு இருக்குமானால், நம் தோள்களில் இருந்து எழுதும் மலக்குகளின் ஏட்டில் எந்த மௌனம் தப்பும்?

அந்த வாலிபரிடம் என் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். இப்போது அவர் கடையில் ஒவ்வொரு பொருளோடும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது: மாற்றியது இன்னது, மாற்றாதது இன்னது, எனக்குத் தெரிந்த குறை இன்னது. வியாபாரம் கூடியதா குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கும்போது, கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அல்லாஹு தஆலா நம் நாவையும் தராசையும் நேராக்கி வைப்பானாக! நாம் ஏமாற்றிய, நமக்கு முகம் தெரியாத மனிதர்களின் ஹக்கை இவ்வுலகிலேயே நிறைவேற்றிவிட்டு வர நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.