பதினோராவது ஆள்: ஊர்ப்பற்றும் அறமும் குறித்து ஒரு சிந்தனை

தன் ஊர்க் கழகம் தோற்கும் என்பதை நன்கு அறிந்திருந்தும், வெயிலிற் கால்கடுக்க நின்று அதற்காகத் தொண்டை கிழியக் கத்துபவனை அறிவுடையவன் எனலாமா? மெய்யியல் வகுப்பொன்றில், ஒழுக்கவியலிற் பக்கச்சார்புக்கு இடமுண்டா என்பது பற்றிய உரையாடலின்போது சக மாணவர் ஒருவர் என்னை நோக்கி இவ்வினாவைத் தொடுத்தார். "திறமை மிக்க கழகமொன்றை ஆதரிப்பதற்குக் காரணம் கூறலாம். நீர் உமது கழகத்தை ஆதரிப்பதற்கு, அவ்வூரிற் பிறந்தீர் என்பதைவிட வேறென்ன காரணம் உண்டு?" என்றார் அவர். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. மகாவலிக் கரையிலிருந்து எழுதும் இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்த்திக் கூறும் மறுமொழியாகும்.

யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டம் என்றதும் நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனீஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் முதலாய பெயர்களே நினைவுக்கு வருகின்றன. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துக்குள் நுழைந்துவிட்டால் இத்தகைய புகழ்பெற்ற பெயர்கள் குறைவு. ஆயினும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எங்கணும் சனசமூக நிலையமும் அதனை ஒட்டியதொரு விளையாட்டுக் கழகமும் இல்லாத குறிச்சியைக் காண்பதரிது. எங்கள் கழகத்தின் பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுதினாற் குறிச்சி தெரிந்துவிடும். குறிச்சி தெரிந்தாற் சாதி தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தீவகத்திலே போட்டிக்குச் செல்வது என்பது பல வேளைகளிற் கடலைக் கடப்பதாகும். புங்குடுதீவு வரை தரைவழி உண்டு. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேற வேண்டும். நெடுந்தீவுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரத்தை ஆட்டக்காரரின் வயிறுதான் அளக்கும். நெடுந்தீவிலிருந்து வந்த அணியொன்று, ஆட்டம் முடியுமுன்னரே கடைசிப் படகின் நேரத்தைக் கணக்கிட்டவாறு ஆடியதையும், முடிந்ததும் உடை மாற்றாமலே வானில் ஏறி இறங்குதுறைக்கு விரைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தோற்றிருந்தனர். தோற்பதற்காக இவ்வளவு தூரம் வருபவர்களை மூடர் என்று கூற என்னால் இயலவில்லை. அந்தக் கடலிலேதான் 1985 மே 15 ஆந் திகதி குமுதினிப் படகிற் சென்ற பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர் என்பதும், அதன் பின்னரும் அத்தீவினர் அதே வழியாற் போய்வர நேர்ந்தது என்பதும் அவர்களை நோக்குகையில் நினைவுக்கு வராமற் போவதில்லை.

எமது சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் இறந்தோர் பெயரால் நடப்பவை. ஞாபகார்த்தக் கிண்ணம் என்று ஒலிபெருக்கி அறிவிக்கும்போது, அப்பெயருக்குரியவரை ஒருநாளும் கண்டிராத சிறுவர்கள் அதனை மனனம் செய்துகொள்கின்றனர். ஆசிரியர், மீனவர், முன்னாட் கோல்காப்பாளர், கடலிற் போனவர், போரிற் போனவர் எனப் பலரது பெயர்கள் இவ்வாறு வாழ்கின்றன. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். என் தந்தையார் திரும்பி வந்தபோது மைதானம் இருந்த இடத்தில் உடைமுள்ளும் வடலியும் நின்றன என்பார். வீட்டுக் கூரையைச் சீர்செய்யுமுன்னரே சிலர் அங்கு கத்தியோடு இறங்கினராம். உண்ண வழியற்றிருந்தவர்கள் பந்தடிக்க வெளி தேடியதை என் தாயார் இன்றும் மன்னிக்கவில்லை! ஆயின், ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமன்று, மாலையிற் கூடுவதற்கு ஓரிடமும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இதுவரை கூறியவை ஊர்ப்பற்றின் சிறப்பு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் ஆண்டுவிழா உரையாக முடிந்துவிடும். என் நண்பரின் வினாவில் உள்ள முள் வேறிடத்தில் இருக்கின்றது. காரணமின்றி 'நம்மவர்' என்று ஒருவரை அணைக்கும் அதே கை, காரணமின்றி இன்னொருவரை 'நம்மவரல்லர்' என்று தள்ளவும் செய்யும். பொது இடங்களிற் சாதியால் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை நாம் நூல்களிற் படித்திருக்கிறோம். ஆனால் விளையாட்டுக் கழகத்துக்கு வாசலுமில்லை, பூட்டுமில்லை. எனவே எவரும் வந்து போராடவுமில்லை. எங்கள் கழக யாப்பில் விலக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒழுங்கைக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் வருவதில்லை, அவ்வளவுதான். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வரும் பந்தை எடுத்து எறிவார்கள்.

2018 இல், நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்களிற் பதினொருவர் சேரவில்லை. மூத்தவர்கள் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போயிருந்தனர். சிலர் கொழும்பிற் கடைகளில் நின்றனர். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில், பந்தெடுத்து எறிபவர்களுள் ஒருவனை எங்கள் அணித்தலைவர் உள்ளே அழைத்தார். அவனுக்குச் சப்பாத்து இருக்கவில்லை. வெளிநாடு போன ஒருவர் விட்டுச்சென்ற சப்பாத்துக்குப் பழந்துணி அடைந்து கொடுத்தோம். அவன் வலப்பக்கத்தில் ஆடினான். நாங்கள் வென்றோமா என்பது இங்கு பொருளன்று, (தோற்றோம்.) ஆட்டம் முடிந்து, வாளித் தண்ணீரை ஒரே பேணியில் மாறி மாறிக் குடித்தோம். அன்றிரவு என் பெரியப்பா கூறியது இது: "தம்பி, பந்தடிக்கட்டும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பேணியை மட்டும் வேறையா வைச்சிருக்கலாம்."

பதினோராவது ஆள் கிடைக்காமையாற் திறந்த கதவு அறத்தின்பாற் பட்டதா? கான்ற் இதனை ஏற்கமாட்டார். வாடிக்கையாளரை இழக்க நேரும் என்று அஞ்சி நேர்மையாக விற்கும் கடைக்காரனின் செயல், கடமைக்கு இசைந்ததாயினும் கடமையினின்று பிறந்ததன்று என்பது அவர் கொள்கை. எங்கள் கழகம் அந்தக் கடைக்காரனே. எங்களுக்கு வலப்பக்க ஆட்டக்காரன் தேவைப்பட்டான், நீதி தேவைப்படவில்லை. அரிஸ்டோட்டிலோ, நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதியுடையவனாகின்றான் என்பார். ஒரே பேணியில் ஒருநாட் குடித்தவனுக்கு மறுநாள் வேறு பேணி தேடுவது கூச்சமாயிருந்தது என்பது உண்மை. அக்கூச்சத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த ஆண்டு ஒழுங்கைக்கு அப்பாலிருந்து நால்வர் ஆடினர். எனினும், கழகம் சாதியை வென்றுவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மைதானத்தில் நாங்கள் அவனை 'மச்சான்' என்றே அழைத்தோம். அவனும் எங்களை அவ்வாறே அழைத்தான். பெண் கொண்டு கொடுக்கும் முறையைக் குறிக்கும் சொல் அது. எங்கள் வீடுகளில் எவரும் அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்பதை அறிந்துகொண்டே நாளொன்றுக்கு நூறு தடவை அச்சொல்லை உரத்துக் கூவினோம். கோட்டுக்குள் உண்மையாயிருந்த உறவுச்சொல் கோட்டுக்கு வெளியே வெறும் ஓசையாயிற்று.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் பற்றியும் சிறிது கூறவேண்டும். சீருடைகளும் கிண்ணங்களும் மதிலும் அப்பணத்தால் வந்தன, நன்றியோடு ஏற்றோம். ஆனாற் பணம் பதினோராவது ஆளாக இறங்கி ஆடுவதில்லை. ஸ்கொத்லாந்தில், ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் கிரெட்னா என்னும் எல்லைப்புறச் சிற்றூரின் கழகம், செல்வர் ஒருவரின் உதவியால் 2006 இல் அந்நாட்டுக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்றது. 2007 இல் முதல்நிலைப் பிரிவுக்கும் உயர்ந்தது. அவ்வுயரத்துக்குச் சொந்த மைதானம் போதாமையால் வேறூர் மைதானத்தில் ஆடிற்று. 2008 இல் அவர் நோயுற, பணம் நின்றது, கழகமும் கலைந்தது. பின்னர் ஆதரவாளர்கள் தாமே கூடிப் புதியதொரு கழகத்தைக் கீழ்நிலையிலிருந்து தொடக்கினர். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் கதை இதற்கு மறுபுறம். அங்கு லீக்கில் இரண்டே அணிகள். பருவந்தோறும் இரு தலைவர்களும் ஆட்டக்காரரைப் புதிதாகத் தெரிந்தெடுத்துப் பிரித்துக்கொள்கின்றனர். சென்ற ஆண்டின் எதிரி இவ்வாண்டு நம்மவன். 'நம்மவர்' என்பதைப் பிறப்பே தீர்மானிக்க வேண்டும் என்ற நியதி இல்லையென்பதற்கு ஒரு தீவின் சான்றே எனக்குப் போதுமானது.

ஆகவே என் நண்பருக்கு நான் கூறும் விடை இதுதான். பக்கச்சார்பு தன்னளவிற் குற்றமன்று. எல்லோரையும் சமமாக நேசிப்பதாகக் கூறுபவன் எந்த மைதானத்திலும் முள் வெட்டியதை நான் கண்டதில்லை. வினவவேண்டியது, அந்தப் பற்றின் வாசல் எதனால் திறக்கின்றது என்பதையே. இரத்தத்தால் மட்டும் திறக்குமாயின் அது சாதியின் மறுபெயர். முள் வெட்டுபவன், சுண்ணாம்பு கரைப்பவன், படகில் வயிற்றைக் குமட்டிக்கொண்டு கூடவருபவன் எவனாயினும் அவனுக்குத் திறக்குமாயின் அப்பற்றை நான் நாணமின்றி ஏற்பேன். இவ்வளவுகோல் எனக்கு வசதியானதன்று. பல்கலைக்கழகம் வந்தபின் ஆண்டுக்கு இருமுறை ஊர் போகின்றேன். சந்தாப் பணத்தைக் கைத்தொலைபேசி வழியே அனுப்புகின்றேன்.

சென்ற விடுமுறையிற் சுற்றுப்போட்டி நாளன்று மைதானத்துக்குப் போனேன். அவன் இப்பொழுது அணித்தலைவன். கையில் சுண்ணாம்பு வாளியோடு நின்றவன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மச்சான், எப்ப வந்தனி? வெயிலுக்கை நிக்காதை, அங்கை பந்தலுக்குள்ளை கதிரையிலை இரு" என்றான். பந்தலில், கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவருக்கும் கிராம அலுவலருக்கும் நடுவே, விருந்தினருக்கான கதிரை ஒன்று எனக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சிறிது நேரம் அதில் இருந்தேன். பிறகு எழுந்துபோய் அவனிடமிருந்து வாளியை வாங்கி, கிழக்குப்பக்க எல்லைக்கோட்டை இட்டேன். கோடு கோணலாயிற்று. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கைக்கு அப்பாலிருந்து வந்திருந்த ஒரு சிறுவன் காலால் அதை அழித்துவிட்டு மறுபடி நேராக இட்டான்.