ஐந்து நட்சத்திரம் யாருடைய உடலுக்கு?

புதிதாக ஒரு கார் சந்தைக்கு வந்துவிட்டால் வீட்டில், அலுவலகத்தில், டீக்கடையில் என எல்லா இடங்களிலும் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். முன்பெல்லாம் பேச்சு மைலேஜோடு முடிந்துவிடும். இப்போது “எத்தனை ஸ்டார்?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ஜியம் வாங்கின. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் பாதுகாப்பு இங்கே பேசுபொருளானது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற பெயரில் இந்திய அரசே நட்சத்திர மதிப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. இன்று கார் விளம்பரங்களில் நட்சத்திரங்கள் பெரிதாக மின்னுகின்றன.

ஷோரூமுக்குள் நுழைந்தால் இந்தப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். எஞ்சின், ஏர்பேக், நட்சத்திரம் எல்லாம் சாருக்கு. நிறம், முகம் பார்க்கும் கண்ணாடி, கைப்பை வைக்கும் இடம் எல்லாம் மேடத்துக்கு. மாதத் தவணை மேடத்தின் சம்பளத்திலிருந்து போனாலும் இதில் மாற்றமில்லை. இந்தப் பாகுபாடு நமக்கெல்லாம் பழகியதுதான். நான் கேட்க விரும்புவது அதற்கும் ஒரு படி கீழே இருக்கிற கேள்வி. அந்த நட்சத்திரங்கள் யாருடைய உடலை வைத்துக் கொடுக்கப்படுகின்றன?

பாரத் என்கேப்பின் முன்புற மோதல் சோதனையில், கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வந்து, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின் மீது ஓட்டுநர் பக்க முன்பகுதி இடிக்கும்படி மோதும். உள்ளே மனிதர்களுக்குப் பதில் பொம்மைகள். தலை, மார்பு, தொடை, கால் என ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அடி விழுந்தது என்று அவற்றிலுள்ள கருவிகள் பதிவுசெய்யும். 2023இல் நடைமுறைக்கு வந்த விதிமுறைப்படி, முன்னால் இருக்கும் இரண்டு இருக்கைகளிலும் உட்காருவது ஹைப்ரிட் 3 என்ற ஆண் பொம்மை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1970களில் உருவாக்கியது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. அக்கால அமெரிக்க ஆணின் நடுத்தர அளவு. பின்னிருக்கையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் இரண்டு பொம்மைகள் குழந்தை இருக்கைகளில் இருக்கும். வளர்ந்த பெண்ணின் அளவில் ஒரு பொம்மை இந்தச் சோதனையில் இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெண் பொம்மை ஒன்று பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அது எப்படிப்பட்ட பெண்? சுமார் 150 செ.மீ. உயரமும் 49 கிலோ எடையும் கொண்டவள். அந்த நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே அவளைவிடச் சிறியவர்கள். பெண் உடலை அளந்து அடியிலிருந்து செய்த பொம்மையும் அல்ல அது. பெரும்பாலும் ஆண் பொம்மையின் அளவுகளைக் குறைத்துச் செய்தது. அமெரிக்க நட்சத்திர மதிப்பீட்டின் முன்மோதல் சோதனையில் அவளுக்கு இடம் கிடைத்தது 2011ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான். அதுவும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்.

இதன் விளைவு வெறும் மனக்குறை அல்ல, எலும்பு முறிவு. சீட் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு, அதே போன்ற விபத்தில் சிக்கிய ஆண் ஓட்டுநர்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கண்டறிந்தார்கள். அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்த ஆய்வு, முன்புற மோதல்களில் இந்த வேறுபாடு 73 சதவீதம் என்றது. இரண்டும் அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டவை. 2019 ஆய்வு வயது, உயரம், உடல் பருமன், மோதலின் வேகம், காரின் மாடல் ஆண்டு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2021இல் சொன்னது இது: பெண்கள் சிறிய, எடை குறைந்த கார்களை ஓட்டுகிறார்கள், இடிக்கப்படும் கார்களில் அதிகம் இருக்கிறார்கள், ஒத்த கார்களையும் ஒத்த விபத்துகளையும் மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு பெருமளவு குறைகிறது. குறைகிறதே தவிர மறையவில்லை. குறிப்பாகக் கால் காயங்களில் பெண்களுக்கான ஆபத்து அப்போதும் அதிகமாகவே இருந்தது. இந்த மறுப்பை நாம் மதிக்க வேண்டும். கூடவே அதைத் திருப்பியும் கேட்க வேண்டும். வீட்டில் பெரிய வண்டி யாருக்கு, சின்ன வண்டி யாருக்கு என்பது தானாக நடப்பதா? நம் ஊர்க் கணக்கில், கார் அவருக்கும் ஸ்கூட்டி அவளுக்கும் போவது யாருடைய விருப்பம்? உடல் வேறுபாட்டில் கழிந்ததெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பங்கீட்டில் வந்து சேர்கிறது.

இனி அறம் சார்ந்த கேள்விக்கு வருவோம். பெண்களுக்கு அடிபட வேண்டும் என்று நினைத்து எந்தப் பொறியாளரும் கார் வடிவமைக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, திட்டமிட்ட சதியும் இல்லை. அப்படியானால் இதை அநீதி என்று சொல்லலாமா? துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

அறியாமை ஒரே வகையானது அல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். சமைக்கும் அவசரத்தில் உப்புப் பார்க்க மறந்துபோவது ஒன்று. ஒரு பந்திக்குப் பரிமாறும் பாத்திரத்தில் மட்டும் உப்பே பார்ப்பதில்லை என்று வழக்கம் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டிலும் சமைத்தவர் “எனக்குத் தெரியாது” என்றுதான் சொல்வார். இரண்டாமவருக்குத் தெரியாமல் போனது, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால். பொம்மைகள் விலை அதிகம், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கார் நொறுங்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் செலவை நினைத்து ஒன்றை விட்டுவிடுவதும் முடிவுதான். மிச்சமாகும் பணம் ஒருவருக்கு, முறியும் தொடை எலும்பு இன்னொருவருக்கு என்று ஆகும்போது அந்த முடிவுக்குப் பொறுப்பு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இந்த அறியாமை எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதை ஒரு கலைச்சொல் காட்டும். உயரம் குறைந்த ஓட்டுநர் கால் பெடலை எட்டவும், முன்னால் சாலை தெரியவும் இருக்கையை முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்குக்கு நெருக்கமாக உட்காருவார். வேறு எப்படி உட்கார முடியும்? பொறியியல் மொழியில் இதற்கு வைத்த பெயரின் பொருள், ‘இருக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்’. கார் அவளுக்குப் பொருந்தவில்லை என்பது, அவள் காருக்குப் பொருந்தவில்லை என்று மாற்றி எழுதப்படுகிறது. பெண்ணிடம் காலங்காலமாக சொல்லப்பட்டுவரும் வாக்கியம்தான் இது.

ஆணை மனிதனின் பொது அளவாகவும், பெண்ணை அதிலிருந்து விலகியவளாகவும் வைத்திருக்கிறார்கள் என்று சிமோன் த பொவ்வார் ‘இரண்டாம் பாலினம்’ நூலில் வாதிட்டார். நூல் வெளிவந்த ஆண்டு 1949. அமெரிக்க விமானப்படைக்காக சியரா சாம் என்ற முதல் மோதல் சோதனைப் பொம்மை, பெரிய உடல்வாகு கொண்ட ஆணின் அளவில் செய்யப்பட்டதும் அதே ஆண்டுதான்.

இங்கே தோழிகள் சிலருக்கு ஒரு தயக்கம் வரலாம். சமத்துவம் கேட்கும் நாம், பெண் உடல் வேறு என்று நாமே சொல்லலாமா? நாளை அதையே காட்டி நம்மை வீட்டுக்குள் அனுப்பமாட்டார்களா? நியாயமான பயம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்புத் தைத்துக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. காரில் ஏறும் ஒவ்வொருவரும் உயிரோடு இறங்க ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும்; அதற்கு உடல்களின் வேறுபாட்டை அளந்தாக வேண்டும். பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்து வெட்டி இழுக்காமல் காக்க வந்த புதிய இருக்கைகளில் சில, பெண்களைவிட ஆண்களையே அதிகம் காத்தன என்று ஸ்வீடன் விபத்துப் பதிவுகள் காட்டின. முன்னேற்றமே இடைவெளியைக் கூட்டியது. அந்த நாட்டில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பேராசிரியரின் குழு, சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பொம்மையை உருவாக்கியது இப்படிப்பட்ட இடைவெளியை அளக்கத்தான்.

இதில் ஆண்களும் சேர்த்தி. இந்திய ஆணின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் 175 செ.மீ. பொம்மை அவரும் அல்ல. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ ஏறத்தாழ 152 செ.மீ. அமெரிக்கக் கணக்கில் விளிம்பில் நிற்கும் அந்தச் சின்னப் பெண் பொம்மை, உயரத்தில் நம் ஊர்ச் சராசரிப் பெண்! ‘பொது’ என்ற சொல்லுக்குள் ஒரு நாடும் ஒரு காலமும் ஒரு பாலினமும் ஒளிந்திருக்கின்றன.

தொழில்துறை பெண்களைப் பார்க்கவே இல்லையா என்றால், பார்த்திருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் ‘லா ஃபெம்’ என்ற காரைக் கொண்டுவந்தது. ரோஸும் வெள்ளையுமான நிறம். கூடவே கைப்பை, லிப்ஸ்டிக் கூடு, மழைக்கோட்டு, குடை. மற்றபடி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த காரேதான். இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. 2004இல் வால்வோ நிறுவனம், பெண்கள் குழு ஒன்று முடிவுகளை எடுத்து வடிவமைத்த ஒரு மாதிரிக் காரை ஜெனீவா கண்காட்சியில் வைத்தது. வாங்குபவரின் உடலை அளந்து, அதற்கேற்ப இருக்கையும் ஸ்டியரிங்கும் பெடலும் பெல்ட்டும் தாமாக அமையும் ஏற்பாடு அதில் இருந்தது. உரிமையாளர் திறக்க முடியாத பானெட்டும், மாற்றிக்கொள்ளும் இருக்கை உறைகளும், குதிரைவால் கொண்டைக்கு இடம்விட்ட தலைசாய்ப்பும்தான் பேச்சாயின. உடலுக்கு ஏற்ற கார் என்ற யோசனை பின்னுக்குப் போனது. அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம் ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி கட்டாயம். நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். சேலை சக்கரத்தில் சிக்கும் என்பதைச் சட்டம் கண்டு, வடிவமைப்பை மாற்றச் சொன்னது. ‘சேலை கட்டாதே’ என்று பெண்ணுக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. பெண் இருக்கும் நிலையிலேயே அவளைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் சட்டம் கண்ட பெண் பின்னால் உட்கார்ந்தவள். ஓட்டும் பெண்ணை அதே தெளிவோடு இன்னும் காணவில்லை. காரின் பின்னிருக்கை நடுவில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் பெண்ணையும் காணவில்லை. குழந்தைக்கான நட்சத்திரம் குழந்தை இருக்கையை வைத்துத் தரப்படுகிறது; நம் வீடுகளில் பெரும்பாலும் குழந்தை இருக்கை என்பது அம்மாவின் மடிதான்.

யாரைக் குற்றம் சொல்வது? அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங், கட்டமைப்பு சார்ந்த அநீதிகளில் ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதோடு வேலை முடியாது என்றார். அந்த அமைப்பில் பங்கேற்கும் எல்லாருக்கும் அதை மாற்றும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். எனக்கு இது உடன்பாடு. ஆனால் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்பதால் எல்லாருக்கும் சம அளவில் உண்டு என்று ஆகிவிடாது. விதிமுறையை எழுதும் குழுவுக்கும் லாபத்தைக் கணக்கிடும் நிறுவனத்துக்கும் கூடுதல் பங்கு. வாங்கும் நமக்குக் குறைந்த பங்கு என்றாலும், பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பங்கைக் கருத்துச் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை வீட்டில் புதிய கார் பற்றிப் பேச்சு வரும்போது நிறத்தோடு ஒதுங்கிவிட வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்காருங்கள். இருக்கையின் உயரத்தை மாற்ற முடிகிறதா, ஸ்டியரிங் முன்பின்னாக நகர்கிறதா, பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோள் மீது படிகிறதா என்று பாருங்கள். பின்னிருக்கை நடுவில் இடுப்பு பெல்ட் மட்டுமா, தோள் பெல்ட்டும் உண்டா என்று கேளுங்கள். “ஐந்து ஸ்டார் மேடம்” என்று சொன்னால், எந்த உயரமுள்ள பொம்மையை வைத்து என்று கேளுங்கள். அந்த விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். போதுமான பெண்கள் கேட்டால், அவர் தன் மேலாளரிடம் கேட்டாக வேண்டியிருக்கும்.

பொறியியல் படிக்கும் மாணவிகளுக்கு இன்னொன்று. புனேயிலும், சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வாகனச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. அந்தப் பொம்மைகளை இருக்கையில் பொருத்தி, அளவுகளைப் படித்து, அடுத்த விதிமுறையை எழுதப்போகிறவர்களில் நீங்களும் இருக்க வேண்டும்.