யாருடைய நீளம்?

திருவனந்தபுரம் வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்ரஹாரத்தில் வசிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு ஒரு மாலை சென்றிருந்தோம். திண்ணையில் அவருடைய பேரன்கள் இருவர் பெரிய வழக்கொன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். பழனிக்குப் போய்வந்தபோது ஆளுக்கொரு மயிலிறகு வாங்கி வந்திருந்தார்கள். எது நீளம் என்பதே வழக்கு. மூத்தவன் சாண் போட்டு அளந்தான். இளையவனோ பள்ளிக்கூட அளவுகோலை மூன்று முறை மாற்றி வைத்து அளந்தான். இறுதியில் தன் இறகு இரண்டு விரற்கடை குறைவு என்று தெரிந்ததும் அவன் கண்களில் நீர் தளும்பிற்று.

சத்தம் கேட்டு வெளியே வந்த பாட்டி இரண்டு இறகுகளையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் மயிலோடதுதானேடா கண்ணா? உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முளைச்சுது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை நம்மால் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியவில்லை.

குழந்தைகள் இறகை அளக்கிறார்கள். பெரியவர்கள் பறவையையே கொன்று அளப்பதுண்டு. மயிலுக்கு நெருங்கிய உறவான ஃபெசன்ட் என்னும் நீள்வால் பறவை, 1880-களில் சீனாவிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பல மாநிலங்களிலும் பரவியது. தென் டகோட்டா மாநிலம் 1943-இல் அதைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் அங்கே அதன் வேட்டைக்காலம் வருகிறது. பெட்டையைச் சுடுவதற்கு அனுமதி இல்லை. சேவலை மட்டுமே சுடலாம். பொழுது சாய்ந்ததும் வேட்டைக்காரர்கள் தாங்கள் வீழ்த்திய சேவல்களின் வால் இறகுகளை அருகருகே பிடித்து யாருடையது நீளம் என்று ஒப்பிடுவார்கள். பெட்டையைக் கவர்வதற்காக வளர்ந்த வால், அந்தச் சேவல் இறந்த பிறகு மனிதர்களின் போட்டிப் பொருளாகிவிடுகிறது.

இது ஏதோ அயல்நாட்டு வழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் காடுகளில் புலி வேட்டை பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. கொன்ற புலியை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பார்கள். அதற்கு இரண்டு முறைகள் இருந்தன. இரு முனைகளிலும் முளை அடித்து நேர்க்கோட்டில் அளப்பது ஒன்று. உடலின் மேடு பள்ளங்களின் மேலாக நாடாவைப் படியவிட்டு அளப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் சில அங்குலங்கள் கூடுதலாகக் கிடைக்கும். புலி அதே புலிதான். உயிர் போன பிறகு அது வளரவும் இல்லை. வளர்ந்தது அளந்தவனின் பெருமை மட்டுமே.

இங்கே பாட்டியின் கேள்வியை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். யாருக்கு முளைத்தது? அந்த நீளத்தை உண்டாக்க வேட்டைக்காரன் செய்தது எதுவுமில்லை. அதை முடித்துவைத்தது மட்டுமே அவன் செயல். பிறிதோர் உயிரில் விளைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது நான்" என்று சொல்வதே அகந்தையின் இயல்பு.

மயிலின் கதையோ வேறு. நாம் வால் என்று எண்ணி வியக்கும் தோகை உண்மையில் அதன் வால் அன்று. வாலுக்கு மேலே முதுகுப்புறத்திலிருந்து நீண்டு வளரும் இறகுத் தொகுதி. உண்மையான வால் அதற்குப் பின்னே மறைந்திருக்கிறது. குட்டையான, பழுப்பு நிறமான, விறைப்பான சில இறகுகளே அது. மயில் தோகையை விரிக்கும்போது பின்னால் நின்று தாங்குபவை அவைதாம். அவற்றை எவரும் அளப்பதில்லை. இன்னுமொரு செய்தி: இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மயில் தன் தோகை இறகுகளை உதிர்த்துவிடுகிறது. அடுத்த பருவத்துக்குள் புதியவை வளர்கின்றன. உடையவன் ஆண்டுதோறும் விட்டுவிடும் ஒன்றுக்காக உடைமையற்றவர்கள் வழக்காடுகிறோம்!

அப்படியானால் அளப்பதே தவறா? அன்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கை இதற்குச் சான்று. சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. 'எவ்வளவு நன்றாகச் சுட்டேன்' என்ற நினைப்போடு அவர் நின்றுவிடவில்லை. 'இது என்ன பறவை?' என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய வந்தவரும் அவரே. அவரும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டார். அவருடைய துறையில் அலகும் இறக்கையும் வாலும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கப்பட்டன. அந்த உயிர்களின் இழப்பு இழப்பே; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவு 'நீ யார்?' என்று பறவையைக் கேட்டது. வேட்டைக்காரனின் அளவு 'உன்னைவிட நான் பெரியவன் அல்லவா?' என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்கிறது. முன்னது அறிவைத் தந்தது. பறவைகளைக் காக்கும் அக்கறையாகவும் வளர்ந்தது. பின்னது அடுத்த வேட்டைக்குத்தான் வழிகாட்டுகிறது.

நம் கைகளில் துப்பாக்கி இல்லை, அளவுகோல் உண்டு. பிள்ளையின் மதிப்பெண்ணை அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்கிறோம். திருவிழாவில் நம் ஊர் யானை அடுத்த ஊர் யானையைவிடத் தலையை உயர்த்தி நின்றால் நெஞ்சை நிமிர்த்துகிறோம். எத்தனை முறை மலைக்குப் போனோம், எத்தனை இலட்சம் ஜபம் முடித்தோம் என்பதைக்கூடச் சபையில் சொல்லிப் பார்க்கிறோம். அகந்தையைக் கரைப்பதற்காக ஏற்ற சாதனையே அகந்தைக்குத் தோகையாகிவிடுவது எத்தகைய இழப்பு! மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். பெருமைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தனியே எடையற்றது. சேர்ந்தபோது சுமப்பவனை முறித்துவிடும்.

அந்தப் பழனி மலைப்பகுதியை ஆண்ட பேகனை நினைவுகூர்வோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். மயிலைக் கண்டபோது அதனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. குளிரால் நடுங்குகிறதோ என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். போர்வை மயிலுக்குப் பயன்படுமா என்றுகூட அவன் அளந்து பார்க்கவில்லை. அழகைக் கண்டபோது 'எனக்கு' என்று நீளாமல் 'உனக்கு' என்று நீண்ட கை அது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் போற்றிவரும் நீளம் அதுவே.

இரவு படுக்கப் போகுமுன் ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இன்று நான் அளந்து மகிழ்ந்தவற்றில், அளந்து அழுதவற்றில், உண்மையில் எனக்கு முளைத்தது எது?