இரட்டுடுத்த வேண்டியவர் யார்?

1776 ஜனவரியில் இங்கிலாந்து அரசு ஜெர்மானியச் சிற்றரசர்கள் சிலரோடு படைக்குக் கூலி பேசி ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சியை அடக்க ஆள் தேவைப்பட்டது. பிரவுன்ஷ்வைக் கோமகனோடு எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. செத்துப்போகும் வீரனுக்கு ஈடாகக் கோமகனுக்குப் பணம். காயம்பட்டவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் செத்தவன் ஒருவனுக்குச் சமம். பணம் போவது கோமகனின் கருவூலத்துக்கு, வீரனின் மனைவிக்கு அல்ல. நான் லுத்தரன் திருச்சபையில் போதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கோமகன் முதலாம் கார்ல் எங்கள் சபைக்காரர். ஞானஸ்நானம் பெற்ற கை இதில் கையெழுத்திட்டது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சுமார் 30,000 பேர் கடல் கடந்தார்கள். பாதிக்கும் மேல் ஹெஸ்ஸன்-காஸல் நாட்டார் என்பதால் எல்லோருக்குமே ஹெஸ்ஸியன் என்று பெயர் விழுந்தது. அமெரிக்கர் வாயில் அது காசுக்குக் கொலை செய்பவன் என்னும் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. எனக்கோ அந்தப் பெயர் சிறுவயதிலேயே தெரியும், வேறு பொருளில். நாகப்பட்டினத்தில் கிடங்குக் கணக்கு எழுதிய என் அப்பாவின் பேரேட்டில் 'ஹெஸ்ஸியன்' என்றால் கல்கத்தா ஆலைகளிலிருந்து வரும் சணல் துணி, கோணிப்பை தைக்கும் முரட்டுத் துணி. அதுவும் அந்த நாட்டின் பெயரால் வந்ததுதான்.

முரட்டுத் துணி என்றதும் வேதம் வாசிப்பவனுக்கு இரட்டு நினைவுக்கு வரும். அது சணல் அல்ல, ஆட்டுமயிரில் நெய்தது. துக்கத்துக்கும் மனந்திரும்புதலுக்குமான உடை. யோனாவின் பிரசங்கத்தைக் கேட்ட நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கி, அங்கியைக் கழற்றி, இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். குடிகளுக்கு அதைக் கட்டளையிட்டவன் தானும் அதை உடுத்தினான். ஹெஸ்ஸன்-காஸலை ஆண்ட இரண்டாம் பிரீட்ரிக் என்ன செய்தார்? போர் நடந்துகொண்டிருந்த 1779-இல் காஸல் நகரில் பிரீடெரிசியானும் என்ற அழகான அருங்காட்சியகத்தைத் திறந்தார். படைக்கூலியால் மக்களின் வரிச்சுமை குறைந்தது என்று அவருக்காக வாதாடுவோரும் உண்டு. பிள்ளையை அனுப்பிவிட்டு வரி குறைந்ததற்காக எந்தத் தாய் நன்றி சொல்லியிருப்பாள்?

ஆனால் வீரனை என்ன செய்வது? எங்கள் வேதபாட வகுப்பில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டார்: "ஐயா, சம்பளத்துக்குச் சுட்டவன் பாவத்தை ஆண்டவர் யார் கணக்குல எழுதுவார்?" யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரிடம் வேலையை விடச் சொல்லவில்லை, பறிக்காதே, சம்பளம் போதுமென்றிரு என்றுதான் சொன்னான். லுத்தரிடம் இதே கேள்வியைக் கொண்டுவந்தவர் அஸா ஃபொன் கிராம் என்ற படைத்தலைவர். அவருக்காக லுத்தர் 1526-இல் ஒரு நூலே எழுதினார். தலைவன் செய்வது அநியாயம் என்று உனக்கு உறுதியாகத் தெரிந்தால் போகாதே, மனிதருக்கல்ல, தேவனுக்குக் கீழ்ப்படி; உறுதியாகத் தெரியாவிட்டால் கீழ்ப்படிவதில் உனக்கு ஆபத்தில்லை என்பது அவர் தீர்ப்பு. இந்த இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. தெரியாமல் இருப்பது அரசருக்குத்தான் வசதி. ஹெஸ்ஸன் கிராமத்து உழவனுக்குப் பாஸ்டனின் வரிச்சண்டையை யார் விளக்கியிருப்பார்கள்?

தெரிந்தவனுக்கும் வழி இருக்கவில்லை. ஜோஹான் கோட்பிரீட் சொய்மே லைப்சிக்கில் இறையியல் படித்த இளைஞர். 1781-இல் படிப்பை விட்டுப் பாரிஸ் நோக்கிப் போன வழியில் ஹெஸ்ஸிய ஆள்பிடிகாரர் கையில் சிக்கி ஹாலிபாக்ஸுக்குக் கப்பலேற்றப்பட்டார். 1795-இல் தத்துவஞானி கான்ட் எழுதியது இப்படிப்பட்டவர்களைக் குறித்துத்தான்: பொது எதிரி இல்லாத போருக்கு ஒரு நாடு தன் வீரரை இன்னொன்றுக்கு வாடகைக்கு விடுவது மனிதரைப் பொருளாகக் கையாள்வது.

1776 டிசம்பர் 26 காலையில் டிரென்டனில் வாஷிங்டனிடம் ஏறக்குறைய 900 ஹெஸ்ஸியர் பிடிபட்டார்கள். பலரைப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பண்ணைக்காரர்கள் ஜெர்மன் பேசினார்கள், அதே ஞானப்பாட்டுகளைப் பாடினார்கள். கைதிகள் அவர்கள் வயலில் கூலிவேலை செய்தார்கள். படையை விட்டு ஓடி வருபவனுக்கு 50 ஏக்கர் நிலம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தது. போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. ஓடிப்போனவர்கள் சத்தியப்பிரமாணத்தை மீறியவர்கள் என்பது படைச்சட்டம். என் மனச்சாட்சிக்கு அப்படித் தோன்றவில்லை. தலைக்கு விலை பேசிய அன்றே அவர்களுடைய சிற்றரசர்கள் தங்கள் பக்கத்து வாக்கை முறித்துவிட்டார்கள்.

பட்டாளத்துக்காரரிடம் நான் சொன்னது இதுதான். ஓடிப்போனவனுக்கு நற்கருணை கொடுத்திருப்பேன். கடைசிவரை சுட்டவனுக்கும் கொடுத்திருப்பேன். சரணடைந்தவனைக் குத்தியிருந்தால் அதை அறிக்கையிட்ட பிறகு. ஏனென்றால் அந்தக் குத்து கட்டளையில் இல்லை, அவன் கையில் இருந்தது. பிரவுன்ஷ்வைக் கோமகன் பீடத்தண்டை முழங்காற்படியிட வந்திருந்தால், செத்தவர்கள் பெயரை ஒன்றுவிடாமல் அவர் வாயாலேயே வாசிக்கச் செய்திருப்பேன். காயம்பட்டவர்களையும் மூன்று மூன்றாகச் சேர்க்காமல் தனித்தனியாக.